ரெக்கார்டு போலப் பாடும் சிடி பிளேயர்: ஒரு நாற்பது ஆண்டுத் தேடல்

1982-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி. சோனி நிறுவனம் ஜப்பானில் சிடிபி-101 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 1,68,000 யென். கடைக்கு வந்த முதல் சிடி பிளேயர் அதுதான். கூடவே சுமார் 50 சிடிக்களும் வெளியாயின. அவற்றில் முதல் எண்ணைப் பெற்றது அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலின் 'ஃபிஃப்டி செகண்ட் ஸ்ட்ரீட்'.

ஊசி கிடையாது. தேய்மானம் கிடையாது. கரகர சத்தம் கிடையாது. "குறையே இல்லாத ஒலி, என்றென்றைக்கும்" என்பதுதான் அப்போது விளம்பரங்களில் வந்த வாக்குறுதி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இதை நம்பி, வருடக்கணக்காகச் சேர்த்த எல்.பி. ரெக்கார்டுகளை வந்த விலைக்கு விற்றுவிட்டு சிடிக்கு மாறினார்கள்.

ஆனால் சில வருடங்களிலேயே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. "எல்லாம் சுத்தமாகத்தான் கேட்கிறது, ஆனால் அரை மணி நேரத்தில் காது களைத்துவிடுகிறது." "வயலின் கம்பி மாதிரி குத்துகிறது." "ரெக்கார்டில் இருந்த நிறைவு இதில் இல்லை." அன்று தொடங்கிய கேள்வி இன்றும் ஓயவில்லை: ரெக்கார்டு போலவே மனசுக்கு நிறைவாகப் பாடும் சிடி பிளேயர் எது?

இந்தக் கேள்விக்காக நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்திருக்கின்றன, ரசிகர்கள் சேமிப்பைக் கரைத்திருக்கிறார்கள். விடை கிடைத்ததா? கிடைத்தது. ஆனால் எல்லோரும் தேடிய இடத்தில் அல்ல!

ரெக்கார்டு செய்யும் வேலை

முதலில் ரெக்கார்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். 33⅓ சுற்று வேகத்தில் ஓடும் எல்.பி. தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948-ல் அறிமுகப்படுத்தியது. இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ தட்டுகள் 1950களின் கடைசியில் வந்தன.

ஒலியை அப்படியே பள்ளமாக வெட்ட முடியாது. தாழ்ந்த சுருதி ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, தட்டில் இடமே போதாது. அதனால் வெட்டும்போது அடி ஒலியைக் குறைத்து, மேல் ஒலியைக் கூட்டுவார்கள். வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த கம்பெனிகள் 1954 வாக்கில் ஒரே பொது விதிக்கு வந்தன.

இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றாக இருக்காது. வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. உள் ஓரத்தில் அது 20 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். அதனால் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் மேல் ஒலிகள் மங்கிச் சிதையும். இது போக, இடது வலது ஒலிகள் கொஞ்சம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஸ்பீக்கரின் அதிர்வை ஊசி திரும்ப வாங்கி ஒலியோடு சேர்க்கும். ஊசி பள்ளத்தில் ஓடும்போது மூல ஒலியில் இல்லாத மெல்லிய கிளை ஒலிகளும் உண்டாகும்.

பொறியாளர் பார்வையில் இவை எல்லாமே குறைகள். ஆனால் மெல்லிய கிளை ஒலிகளைக் காது பெரும்பாலும் 'கனம்' என்றும் 'இதம்' என்றும்தான் எடுத்துக்கொள்கிறது. ஆக, ரெக்கார்டு ஒலியை நமக்குக் கடத்துவதோடு நிற்பதில்லை. தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்கிறது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

14-ஆ, 16-ஆ?

1979 மார்ச்சில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனம் தன் மாதிரி சிடியைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. பிறகு சோனியோடு கைகோத்தது. இரண்டு பேரும் சேர்ந்து 1980-ல் சிடிக்கான இலக்கணத்தை எழுதி முடித்தார்கள்.

சிடியில் ஒலி எண்களாக எழுதப்படுகிறது. ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எடுக்கப்படும். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அப்போது டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு கோட்டில் 3 அளவு, ஒரு களத்தில் 245 கோடு, நொடிக்கு 60 களம். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும்.

ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பதில்தான் சண்டை. பிலிப்ஸ் 14 பிட் போதும் என்றது. சோனி 16 பிட் வேண்டும் என்றது. ஜெயித்தது சோனி. 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். நல்ல எல்.பி.யில் கிடைப்பது ஏறக்குறைய 60 முதல் 70 டெசிபல்தான்.

காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை. பிறகு ஏன் காது களைத்தது?

முதல் தலைமுறையின் குற்றம்

குற்றத்தில் ஒரு பங்கு உண்மையிலேயே பிளேயர்களுடையது.

எண்களைத் திரும்ப ஒலியாக்கும்போது, 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தேவையில்லாத நிழல் ஒலிகள் உருவாகும். அவற்றை வடிகட்ட வேண்டும். 20 கிலோஹெர்ட்ஸ் வரை எதையும் தொடக்கூடாது, அதைத் தாண்டியதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். சோனி இதற்குச் செங்குத்தான அனலாக் வடிகட்டியை வைத்தது. செங்குத்தாக வெட்டும் வடிகட்டி, வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிகளின் நேர ஒழுங்கையும் கலைக்கும். அது மட்டுமல்ல, எண்ணை ஒலியாக்கும் சிப் அப்போது விலை அதிகம் என்பதால் சிடிபி-101-ல் இடது, வலது இரண்டுக்கும் ஒரே சிப். அது மாறி மாறி வேலை பார்த்ததால் ஒரு பக்கம் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு போல தாமதமாக வந்தது.

பிலிப்ஸ் பாடு இன்னும் சுவாரசியம். 16 பிட் என்று முடிவானபோது அவர்கள் கையில் இருந்ததோ டிடிஏ 1540 என்ற 14 பிட் சிப். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு இரண்டு அளவுகளுக்கும் நடுவே கணக்குப் போட்டு மூன்று புதிய அளவுகளை நிரப்பி, வேகத்தை நான்கு மடங்காக, 176.4 கிலோஹெர்ட்ஸாக உயர்த்தினார்கள். இதனால் நிழல் ஒலிகள் வெகுதூரம் மேலே போய்விட்டன. மென்மையான வடிகட்டியே போதுமானது. இரைச்சலையும் காதுக்கு எட்டாத மேல் பகுதிக்குத் தள்ளி, 14 பிட் சிப்பிலிருந்தே கிட்டத்தட்ட 16 பிட் தரத்தை எடுத்தார்கள். இல்லாமையில் பிறந்த இந்த வழியைத்தான் பிற்பாடு ஏறக்குறைய உலகம் முழுவதும் பின்பற்றியது. பிலிப்ஸின் சிடி-100, அதன் உடன்பிறப்பான மராண்ட்ஸ் சிடி-63 இரண்டும் "இதமாகப் பாடுபவை" என்று பெயர் வாங்கியதற்கு இதுவே காரணம் என்று பலர் சொல்வார்கள்.

குற்றத்தின் இன்னொரு பங்கு சிடி தட்டுகளுடையது. அவசரம் அவசரமாகப் பழைய ஆல்பங்களைச் சிடியில் கொண்டுவந்த கம்பெனிகள் பல நேரங்களில் மூல டேப்பைத் தேடவில்லை. எல்.பி. வெட்டுவதற்காகத் தயாரித்து வைத்திருந்த நகல் டேப்பை எடுத்தார்கள். ரெக்கார்டில் மேல் ஒலி மங்கும் என்பதற்காக அதைக் கூட்டிவைத்த டேப்புகளும் அவற்றில் இருந்தன. சிடியில் மங்கல் கிடையாதே! கூட்டியது கூட்டியபடியே காதில் வந்து குத்தியது. கேட்டவர் திட்டியதோ பிளேயரை.

எதிர்ப்பாளர்களும் அவர்களின் சிடி பிளேயர்களும்

பிரிட்டனில் எதிர்ப்பு கொஞ்சம் பலமாகவே இருந்தது. ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் எல்பி12 என்ற புகழ்பெற்ற டர்ன்டேபிளைச் செய்து வந்தது. அதன் தலைவர் ஐவர் டீஃபன்ப்ரன் டிஜிட்டலைக் கடுமையாக விமர்சித்தார். இங்கிலாந்தின் நெய்ம் நிறுவனமும் சிடி பக்கமே வராமல் வெகுகாலம் ஒதுங்கி நின்றது.

மெரிடியன் நிறுவனம் வேறு வழியில் போனது. பிலிப்ஸ் பிளேயரின் அடிப்படையை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சுற்றுகளைத் திருத்தி 1984-ல் எம்சிடி என்ற பெயரில் விற்றது. இசைப் பித்தர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட முதல் சிடி பிளேயர் என்று இதைச் சொல்வதுண்டு.

1985 வாக்கில் பிலிப்ஸ் டிடிஏ 1541 என்ற உண்மையான 16 பிட் சிப்பைக் கொண்டுவந்தது. சோதனையில் சிறப்பாகத் தேறிய சிப்புகளின் தலையில் கிரீடம் அச்சிடப்பட்டது. இந்தக் கிரீட சிப்புக்காகப் பழைய பிளேயர்களைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நெய்ம் நிறுவனமும் கடைசியில் 1991-ல் சிடிஎஸ் என்ற தன் முதல் சிடி பிளேயரை வெளியிட்டபோது அதற்குள் இருந்ததும் இந்தக் குடும்பத்து சிப்தான். லின் நிறுவனமும் இறங்கி வந்தது. 1990களின் இறுதியில் சிடி12 என்ற மிக விலையுயர்ந்த பிளேயரைச் செய்தது. 2009-ல் சிடி பிளேயர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது என்பது தனிக்கதை.

வேறு சிலர் வால்வு வைத்தார்கள். கலிபோர்னியா ஆடியோ லேப்ஸ் 1980களிலேயே வெளியீட்டுப் பகுதியில் வால்வு உள்ள சிடி பிளேயரை விற்றது. வால்வும் ரெக்கார்டு ஊசி மாதிரியே மெல்லிய கிளை ஒலிகளைச் சேர்க்கும். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானின் ரியோஹெய் குசுனோகி எதிர்த்திசையில் போனார். பிலிப்ஸ் சேர்த்த நான்கு மடங்கு வேகத்தையும் டிஜிட்டல் வடிகட்டியையும் எடுத்துவிட்டாலே ஒலி இயல்பாகிவிடும் என்று கட்டுரைகள் எழுதினார். அப்படிச் செய்தால் மேல் ஒலி சற்றே குறையும், நிழல் ஒலிகள் மிஞ்சும். அளவிட்டால் மோசம்தான். ஆனால் கேட்டு மகிழ்ந்தவர்கள் ஏராளம்.

இந்த வழிகளைச் சேர்த்துப் பாருங்கள். வால்வு, வடிகட்டி நீக்கம் இரண்டுமே குறையைக் களைந்தவை அல்ல. ரெக்கார்டு சேர்த்த மசாலாவைச் சிடிக்குள் திரும்பத் தூவியவை!

ஒரு சோதனை

இப்போது கதையின் முக்கியமான கட்டம்.

1984-ல் லின் நிறுவனத்தின் அதே ஐவர் டீஃபன்ப்ரன் ஒரு சோதனைக்கு உட்கார்ந்தார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸ் அதைப் பற்றிய அறிக்கையை எழுதினார். பாஸ்டன் ஆடியோ சொசைட்டியின் இதழில் அது வெளிவந்தது.

சோதனை எளிமையானது. எல்பி12-ல் ரெக்கார்டு ஓடும். அந்த ஒலி சில நேரம் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். சில நேரம் நடுவில் சோனி பிசிஎம்-எஃப்1 என்ற 16 பிட் கருவி வழியாக, எண்ணாக மாறி, மறுபடி ஒலியாகிப் போகும். எப்போது எது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

டீஃபன்ப்ரனால் சொல்ல முடியவில்லை. விடைகள் பூவா தலையா போட்ட மாதிரிதான் இருந்தன.

இதற்கு அவரைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. எதிர்ப்பாளர் ஒருவர் தானே முன்வந்து சோதனைக்கு உட்கார்ந்தது பெரிய விஷயம். ஆனால் முடிவு சொல்லும் செய்தி பெரியது. ரெக்கார்டின் இதம், நிறைவு எல்லாம் டிஜிட்டலுக்குள் போய் வெளியே வந்த பிறகும் அப்படியே இருந்தது. அப்படியானால் சிடியில் காணாமல் போனது எண்ணாக மாறும்போது காணாமல் போகவில்லை!

2007-ல் பிராட் மேயர், டேவிட் மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதையே பெரிய அளவில் செய்தார்கள். சிடியை விட உயர்ந்த தரம் என்று விற்கப்பட்ட எஸ்.ஏ.சிடி போன்ற தட்டுகளின் ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கி, வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. அதாவது பாதிக்கும் ஒன்று குறைவு. அவர்கள் எடுத்துக்கொண்ட சில தட்டுகளின் மூலப் பதிவே பழைய தரம் என்ற விமர்சனம் பிறகு வந்தது. ஆனால் அவர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தத் தட்டுகள் சாதாரணச் சிடிக்களை விட நன்றாகவே ஒலித்தனவாம். காரணம் தொழில்நுட்பம் அல்ல. பொறுமையாக, அக்கறையோடு ஒலியைச் செப்பனிட்ட பொறியாளர்கள்.

கருவி தேறியது, தட்டு கெட்டது

1990களில் ஒரு விபரீதம் நடந்தது. பிளேயர்கள் நன்றாகிக்கொண்டே வந்தன. சிப்புகள் மலிந்தன, வடிகட்டிகள் சீரடைந்தன, எண்களை நேரம் தவறாமல் அனுப்பும் கடிகாரச் சுற்றிலும் கவனம் வந்தது. மராண்ட்ஸில் கென் இஷிவாட்டா சாதாரண விலை பிளேயர்களின் பாகங்களைப் பொறுக்கி மாற்றித் தன் பெயரின் எழுத்துகளோடு வெளியிட்ட மாடல்களை நடுத்தர வர்க்க ரசிகர்களும் வாங்க முடிந்தது.

அதே நேரத்தில் சிடிக்கள் கெடத் தொடங்கின. சத்தமாக ஒலிக்கும் பாட்டுதான் கவனத்தை இழுக்கும் என்று கம்பெனிகள் நினைத்தன. 1994-ல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 போன்ற டிஜிட்டல் கருவிகள் வந்த பிறகு, பாட்டின் உச்சிகளை நசுக்கி மொத்த சத்தத்தையும் ஏற்றுவது சுலபமாகிவிட்டது. 96 டெசிபல் இடைவெளியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மேல் ஓரத்தில் மட்டும் பாட்டை அடைத்தார்கள். நான்கு அறை வீட்டை வாங்கி, குடும்பத்தையே மொட்டை மாடியில் குடிவைத்த கதைதான்.

2008-ல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது இது வெடித்தது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் இருந்தன. கேமில் இருந்த ஒலி சிடியை விடத் தெளிவாக இருந்தது! ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆல்பத்தைத் திருத்தி வெளியிடச் சொல்லி மனுப் போட்டார்கள். எந்த விலையில் பிளேயர் வாங்கினாலும் அந்தச் சிடியைக் காப்பாற்ற முடியாது. நசுங்கியது தட்டிலேயே நசுங்கிவிட்டது.

ரெக்கார்டில் இப்படி இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. பள்ளத்துக்கும் வெட்டும் கருவிக்கும் எல்லை உண்டு. அதனால் ரெக்கார்டுக்கென்று தனியாகச் செப்பனிடும்போது பாட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. சில சமயம் நசுக்கிய அதே பதிவை அப்படியே ரெக்கார்டிலும் வெட்டினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசியாக 2022-ல் ஒரு வேடிக்கை. மூல டேப்பிலிருந்து நேராக அனலாக்காக வெட்டப்பட்டவை என்று ரசிகர்கள் நம்பி அதிக விலைக்கு வாங்கியவை அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் ரெக்கார்டுகள். அவற்றில் பல 2011-லிருந்தே ஒரு டிஜிட்டல் கட்டத்தைத் தாண்டி வந்தவை என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். பதினோரு வருடம் யார் காதும் கண்டுபிடிக்கவில்லை. ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம், விஷயத்தை மறைத்தார்களே. ஆனால் ஒலி பிடித்திருந்ததும் உண்மைதானே?

சரி, எதை வாங்குவது?

இந்த வரலாறு கையில் இருந்தால் தேர்வு சுலபம்.

ஒன்று, முதலில் சிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் பிளேயர். ஒரே ஆல்பத்துக்கு 1980களின் பதிப்பு, 1990களின் பதிப்பு, 'ரீமாஸ்டர்' பதிப்பு என்று பல உண்டு. அவற்றுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் நல்ல பிளேயர்கள் இரண்டுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தை விட மிகப் பெரியது. 'ரீமாஸ்டர்' என்று போட்டிருப்பதாலேயே ஒன்று மேலானதாகிவிடாது. மோசமான நகல் டேப்பில் செய்யாத பழைய பதிப்பு பல சமயம் அதை விட நன்றாக இருக்கும்.

இரண்டு, கடையில் ஒப்பிடும்போது சத்த அளவைச் சமப்படுத்தச் சொல்ல வேண்டும். சிடி பிளேயரின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். சில மாடல்கள் 2.3 வோல்ட் கொடுக்கும். ஒரு டெசிபலுக்குச் சற்று அதிகமான வித்தியாசம் இது. காதுக்கு அது 'சத்தம் அதிகம்' என்று தெரியாது, 'தரம் அதிகம்' என்று தெரியும். எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்பது இன்னும் நல்லது.

மூன்று, பழைய கிரீட சிப்புக்காகச் செகண்ட் ஹேண்ட் பிளேயர் வாங்குவதென்றால் லேசரைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டும். லேசருக்கு ஆயுள் உண்டு. அந்தக் காலத்து இயந்திரப் பகுதிகள் இப்போது தயாரிப்பில் இல்லை.

நான்கு, ரெக்கார்டின் மசாலாதான் பிடிக்கும் என்றால் அதில் தப்பே இல்லை. வால்வு பிளேயர் வாங்கலாம். இல்லை, நேராக ஒரு டர்ன்டேபிளே வாங்கிவிடலாம். அமெரிக்காவில் 2020-ல் வருமானத்திலும் 2022-ல் எண்ணிக்கையிலும் ரெக்கார்டு சிடியை மறுபடி முந்தியது. அப்படி வாங்குபவர் தான் காசு கொடுப்பது துல்லியத்துக்கு அல்ல, ருசிக்கு என்று தெரிந்து வாங்கினால் போதும்.

1982-ல் சிடியை விற்றவர்கள் கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதை எதிர்த்தவர்களும் கருவியைத்தான் குற்றம் சொன்னார்கள். நடுவில், மூல டேப்பைத் தேடி எடுத்து, உச்சிகளை நசுக்காமல் பாட்டைச் செப்பனிட்ட பொறியாளர்களின் பெயர்களோ சிடி அட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கின்றன. அடுத்த முறை பிளேயர் வாங்கப் போகும் முன் வீட்டில் இருக்கும் நல்ல சிடிக்களின் அட்டையைப் பிரித்து அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் செப்பனிட்ட மற்ற சிடிக்களைத் தேடி வாங்கிக் கேட்டுப் பார்த்தால், இருக்கிற பிளேயரே போதும் என்று தோன்றினாலும் தோன்றலாம்.